எட்டுப் பருவங்கள்: ஒரு குசினி வாசிப்பு

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில் பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்து, கதை ஊர், விசா, காணி விலை என்று சுற்றிவிட்டுக் கடைசியில் எம்முடன் ஒரே அறையில் இருக்கும் அண்ணை ஒருவரில் வந்து நின்றது. அண்ணைக்கு நாற்பத்தைந்து வயது. கலியாணம் செய்யவில்லை. பாரிசில் ஒரு ரெஸ்ரோரண்டில் பதினைந்து வருடமாகக் கோப்பை கழுவுகிறார். லீவு நாளில் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். 'அந்தந்த வயசில அதது நடக்க வேணும். நடக்காட்டி மனிசன் இப்பிடித்தான் பழுதாப் போவான்' என்றார் விருந்துக்கு வந்த ஒருவர். கொஞ்சம் வாசிப்புப் பழக்கமுள்ள இன்னொருவர் அதற்கு ஆதாரமும் காட்டினார். எரிக்சன் என்றொரு உளவியலாளர் மனித வாழ்க்கையை எட்டுப் படிகளாக வகுத்திருக்கிறாராம். ஒரு படியில் சறுக்கியவர் அடுத்த படியில் ஒழுங்காகக் கால் வைக்க முடியாதாம். அண்ணை சறுக்கியது ஐந்தாவது படியிலாம்.

சபையில் நாம் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் எம்மிடம் இருந்தது. 1950இல் அமெரிக்காவில் வெளியான 'குழந்தைப் பருவமும் சமூகமும்' என்ற நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. சீன் நதிக்கரையில் பழைய புத்தகப் பெட்டி வைத்திருப்பவர் ஒருவரிடம் வாங்கியது. மூன்று வருடமாக எமது அறையின் பிரிட்ஜுக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. இந்த ஒரு மாதமாக, மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையே கிடைக்கும் மூன்று மணித்தியாலத்திலும் கடைசி மெற்றோவிலும் அகராதியும் கையுமாக இருந்து அதை வாசித்து முடித்தோம். நாம் உளவியல் கற்றவரல்லர். எமது பட்டப்படிப்பு யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வருடத்துடன் நின்றுவிட்டது. ஒரு புத்தகத்தை வைத்து ஒரு மனிதருக்குத் தீர்ப்பு எழுதப்படும்போது, அந்தப் புத்தகம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்கும் உரிமை கோப்பை கழுவுபவருக்கும் உண்டு என்ற அளவிலேயே இதை எழுதுகிறோம்.

எரிக் எரிக்சனும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். 1902இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில், டென்மார்க்கைச் சேர்ந்த யூதத் தாய் ஒருவருக்குப் பிறந்தவர். தகப்பன் யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. இளமையில் சித்திரக்காரனாக ஊர் ஊராகத் திரிந்தார். 1927இல் வியன்னா சென்று, சிறு பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டே, பிராய்டின் மகள் அன்னாவிடம் உளப்பகுப்பாய்வு பயின்றார். 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் மனைவி பிள்ளைகளுடன் கொப்பன்ஹேகன் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். எரிக்சன் என்ற பெயரே 1939இல் அமெரிக்கப் பிரஜையானபோது அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்டது. ஆக, ஓடிவந்த ஒருவரின் புத்தகம் இது. விருந்து வீட்டில் இதை யாரும் சொல்லவில்லை.

பிராய்ட் மனிதனைக் குழந்தைப் பருவத்தோடு பெரும்பாலும் முடித்துவிட்டார். எரிக்சன் சாவு மட்டும் கொண்டுபோனார். கைக்குழந்தைக்கு நம்பிக்கையா அவநம்பிக்கையா என்பது பிரச்சினை. நடக்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தன்னிச்சையா வெட்கமா. விளையாடும் பிள்ளைக்கு முன்முயற்சியா குற்றவுணர்வா. பள்ளிக்கூடம் போகும் வயதில் வேலை பழகும் ஊக்கம், அது கூடாதபோது தாழ்வுணர்வு. விடலைப் பருவத்தில் 'நான் யார்' என்ற அடையாளம் அல்லது குழப்பம். பிறகு நெருக்கம் அல்லது தனிமை. நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணி வளர்த்தல் அல்லது தேக்கம். முதுமையில் நிறைவு அல்லது விரக்தி. இந்த எட்டிலும் பிள்ளையின் உள்ளே நடப்பது பாதிதான், மறுபாதியைச் சமூகம் கொடுக்க வேண்டும் என்பதே எரிக்சனின் வாதம். இந்த வாதத்துக்காகவே அவரை மதிக்க வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். பிள்ளைக்குக் கை நீட்டத் தெரிந்தால் போதாது, பிடிக்க ஒரு கையும் எதிரே இருக்க வேண்டும்.

இந்தப் பருவங்களை அவர் ஒரு கட்டப் படமாகப் போட்டிருக்கிறார். எட்டுக்கு எட்டு, அறுபத்திநாலு கட்டங்கள். மூலைவிட்டமாக எட்டுக் கட்டங்களில் மட்டும் எழுத்து இருக்கிறது, மற்றவை வெறுமையாக உள்ளன. ஒவ்வொரு பிரச்சினையும் எல்லா வயதிலும் ஏதோ ஒரு உருவில் இருக்கிறது, ஒரு வயதில் மாத்திரம் முன்னுக்கு வருகிறது என்பதே அந்த வெறுங்கட்டங்களின் பொருள். எம்மவர்கள் அந்த எட்டை மட்டும் பிடுங்கியெடுத்து ஏணியாக்கி விட்டார்கள். பழி முழுவதும் எம்மவர்களுடையதும் அல்ல. எரிக்சனே தமது வாதத்துக்குக் கருவின் வளர்ச்சியை உதாரணம் காட்டுகிறார். கருவில் ஒவ்வொரு உறுப்புக்கும் அதற்கென்று ஒரு நேரம் உண்டு, அதைத் தவறவிட்ட உறுப்புப் பிறகு உருப்படாது. கருவுக்கு இது சரி. நாற்பது வருடம் பல நாட்டுப் பொலிசுக்கும் பனிக்கும் நடுவே நடந்துபோகிற ஒரு மனிதனுக்கு இதை எப்படிப் பொருத்துவது?

'அடையாள நெருக்கடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்று அது பதினாறு வயதுப் பிள்ளைகளின் முகப்பரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எரிக்சன் அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியது பிள்ளைகளுக்கு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது சான் பிரான்சிஸ்கோவில் மனமுடைந்து வந்த போர்வீரர்களுக்குச் சிகிச்சை செய்த இடத்தில்தான் அது பிறந்தது. நேற்றிருந்த நானும் இன்றிருக்கும் நானும் ஒரே ஆள் என்ற உணர்வு அறுந்துபோனவர்கள் அவர்கள். பிறகுதான் அதையொத்த குழப்பத்தை விடலைப் பிள்ளைகளிடம் கண்டு, சொல்லை அங்கே கொண்டுபோனார். போரில் பிறந்த சொல் சமாதான நாட்டுப் பிள்ளைகளின் வயதுக் கோளாறாகி, இன்று அதே சொல்லால் போரிலிருந்து வந்த எமது அண்ணைக்கு அடி விழுகிறது!

எரிக்சனின் இன்னொரு சொல் எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. இளைஞர்களுக்குச் சமூகம் கொடுக்கும் ஒரு இடைவெளியை அவர் 'மொறற்றோரியம்' என்கிறார். அது வியாபாரச் சொல். கடனைக் கட்டக் கொடுக்கும் தவணை. படிக்கலாம், ஊர் சுற்றலாம், தொழில் பழகலாம், ஒரு வேடம் பொருந்தாவிட்டால் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போட்டுப் பார்க்கலாம். அதுவரை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அவர் சித்திரக்காரனாகத் திரிந்த வருடங்கள் அப்படியானவை. 1958இல் எழுதிய லூதர் பற்றிய நூலில், லூதருக்கு மடாலயம் அப்படி ஒரு தவணையாக இருந்தது என்கிறார்.

எமது இளமையும் கடனில்தான் தொடங்கியது. ஆனால் உவமையாக அல்ல. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது நாம் கம்பஸுக்குப் புதியவர். வகுப்பு நடந்த நாட்களிலும் பார்க்க நடக்காத நாட்கள்தான் நினைவிலிருக்கின்றன. இரண்டாம் வருடத்தில், உடன்படித்த சிலர் வீடு திரும்பாமல் போகத் தொடங்கிய பின், பாஸ் எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து ஏஜென்சி கையில். அம்மா தோட்டக் காணி உறுதியை ஈடு வைத்தார். வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று. இங்கே எமது வழக்கு நாலரை வருடம் இழுபட்டது. இதுவும் ஒரு இடைவெளிதானே என்று யாரும் கேட்கக்கூடும். இல்லை. எரிக்சனின் இளைஞனுக்குக் கடன் நிற்கிறது, அவன் நடக்கிறான். எமக்கு வட்டி நடந்தது, நாம் நின்றோம்.

இந்த இடத்தில் எரிக்சனிடம் எமக்கு ஒரு மனத்தாங்கல். இதே நூலில் மாக்சிம் கோர்க்கியின் இளமை பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். கோர்க்கியின் பெயரைக் கண்டதும் ஆவலோடு வாசித்தோம். அவர் அடிப்படையாக வைத்திருப்பது கோர்க்கியின் நூல்களை அல்ல, டொன்ஸ்கோய் 1938இல் எடுத்த படத்தை. பையன் தாத்தா வீட்டை விட்டு வெளிக்கிடுவதோடு படம் முடிகிறது. ஆனால் எமக்குத் தெரிந்த கோர்க்கி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறார். வொல்கா நதிக் கப்பல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவிய பையன் அவர். ஸ்மூரி என்ற தடித்த, முரட்டுச் சமையற்காரர் அவரை வேலையிலிருந்து கூப்பிட்டு இருத்திப் புத்தகம் வாசிக்க வைத்தார். பிறகு பல்கலைக்கழகக் கனவோடு கசான் நகரத்துக்குப் போய், உள்ளே போக முடியாமல் பேக்கரியில் மா பிசைந்தார். 1887இல், பத்தொன்பது வயதில், தன்னைத் தானே சுட்டுக்கொண்டு பிழைத்தார். அந்த வருடங்களைப் பற்றிய நூலுக்கு 'யான் பயின்ற பல்கலைக்கழகங்கள்' என்று பெயர் வைத்தார். தவணை கிடைக்காத ஒருவன் எப்படி ஆளாகிறான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எரிக்சனுக்குக் கிடைத்திராது. அவர் வாசல் படியிலேயே நின்றுவிட்டார். ஸ்மூரியைக் காணவில்லை.

இங்கு வளரும் பிள்ளைகளுக்கு வருவோம். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகள் ஒன்பது வயதிலிருந்து தாய்க்கு மொழிபெயர்ப்பாளர். வங்கிக் கடிதம், வீட்டு வாடகை, விசா அலுவலக யன்னல், எல்லாம் அந்தப் பிள்ளைதான். ஒருநாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் தாயின் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றிச் சொன்னதையும் அவளே தமிழில் சொல்ல வேண்டி வந்தது. டொக்டர் நாலு வசனம் சொன்னாராம். பிள்ளை ஒரு வசனம்தான் சொன்னதாம். மற்ற மூன்றையும் அவள் எங்கே வைத்தாள்? எரிக்சனின் கணக்கில் இது நாலாம் பருவம், வேலை பழகும் வயது. அவள் பழகியது தாய்க்குத் தாயாக இருக்கும் வேலையை. மூன்று வருடம் கழித்து அவளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. வாடகை மண்டபம், முந்நூறு பேர், பல்லக்கு, மூன்று சேலை மாற்றல், இரண்டு வீடியோக் கமரா. பிள்ளை 'பெரியபிள்ளை' ஆகிவிட்டாளாம். அவள் பெரியபிள்ளை ஆன நாள் வேறு. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு ஒரு யூஸ் வாங்கிக் கொடுக்கவும் ஆளிருக்கவில்லை. எங்கள் சனம் பருவத்தை உடம்பில் மட்டும்தான் பார்க்கப் பழகியிருக்கிறது.

'இதெல்லாம் தமிழில் எப்பவோ சொல்லியாச்சு' என்பவர்களும் உண்டு. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம், உலாவுக்கு ஏழு பருவம் என்று விரலை மடிப்பார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்கள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் அவை பாட்டுடைத் தலைவனாகவோ தலைவியாகவோ தெய்வமாகவோ இருக்கும் குழந்தைக்கு உரியவை. உலாவின் பேதை முதல் பேரிளம்பெண் வரையான ஏழும், வீதியில் பவனி வரும் ஒரு ஆணைப் பார்த்து எந்த வயதுப் பெண் எப்படி உருகுகிறாள் என்ற கணக்கு. நாற்பதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. நாற்பத்தொராவது வயதில் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒட்டக்கூத்தருக்குக் கவலையில்லை.

எரிக்சன் 1939க்குப் பின் சில வருடங்கள் கலிபோர்னியாவில் பேர்க்லி நகரத்துப் பிள்ளைகளை நெடுங்காலம் தொடர்ந்து அவதானித்த ஒரு ஆய்வில் வேலை செய்தவர். விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து ஒரு காட்சி கட்டச் சொன்னார். ஆண்பிள்ளைகள் கோபுரம் கட்டினார்கள், பெண்பிள்ளைகள் சுவர் சூழ்ந்த அறை கட்டினார்கள் என்பதே அவர் முக்கியமாகக் கண்டது. 1970இல் கேற் மில்லற் இதை நன்றாகவே கிழித்தார். எமக்கு இங்கு வேறொரு விடயம் முக்கியம். அந்தப் பிள்ளைகள் 1928, 1929இல் பிறந்தவர்கள். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே வளர்ந்தவர்கள். பிற்காலத்தில் கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் அதே ஆவணங்களை எடுத்து, வேறு கேள்வி கேட்டார்: யாருடைய தகப்பனுக்கு வேலை போனது, அப்போது பிள்ளைக்கு என்ன வயது? முன்னதாக, 1974இல், பக்கத்து ஓக்லன்ட் நகரத்தில் 1920, 1921இல் பிறந்த 167 பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது, வறுமை வந்த நேரத்தில் ஓரளவு வளர்ந்திருந்த ஓக்லன்ட் பிள்ளைகள் வீட்டுக்குத் தோள் கொடுத்து ஒருவாறு நிமிர்ந்தார்கள் என்றும், அதே வறுமை பேர்க்லியின் சின்னப் பையன்களைக் கூடுதலாக முறித்தது என்றும் கண்டார். வயது தனியே ஒன்றும் செய்வதில்லை. எந்த வயதில் எந்த வருடம் வந்து மோதியது என்பதைக் கேட்க வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது எமக்கு எட்டு வயது. எமக்கு நினைவிருப்பது மழையும் ஐயாவின் நனைந்த சேட்டும்தான். அதே இரவில் அதே பாதையில் எமது அண்ணைக்குப் பதினைந்து வயது. சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, பாரில் கடைசித் தங்கச்சி, பின்னால் மற்ற இரண்டு பேரும் அவர் சேட்டைப் பிடித்தபடி. தகப்பன் அதற்கு முன்பே இல்லை. விடியும்போது அவர் அந்த வீட்டின் பெரிய ஆள். பிறகு இங்கு வந்து அந்த மூன்று தங்கச்சிமாரையும் கரைசேர்த்தார். மருமக்கள் ஐந்து பேரின் ரியூசன் காசு இன்றும் மாதம் முதலாம் திகதி போகிறது. ஒருவரையும் அவர் நேரில் கண்டதில்லை, வட்ஸ்அப்பில்தான். நடுவயதின் பணி பேணி வளர்த்தல், அது சொந்தப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை என்று எரிக்சன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அப்படியானால் அண்ணை ஏழாம் படியைப் பதினைந்து வயதிலேயே தொடங்கிவிட்டார். ஐந்தாவதும் ஆறாவதும்தான் அவருக்குக் காத்துக்கிடக்கின்றன. லீவு நாளில் கட்டிலை விட்டு இறங்காதவரைப் பார்த்து 'பழுதாப் போனான்' என்று சொன்னவர், முப்பது வருடமாக லீவு எடுக்காதவரைப் பார்க்கவில்லை.

எமது குசினியில் மாலி நாட்டுப் பெடியன் ஒருவன் வேலை பழகுகிறான். எம்மைத் 'தொந்தோன்' என்று கூப்பிடுவான். மாமா, சித்தப்பா எல்லாம் அதற்குள் அடக்கம். தனியாக வந்தவன், வயது பதினாறு என்றான், நம்பவில்லை. இடது கையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்தச் சோதனைக்கு இன்றும் கைக்கொள்ளப்படுவது குறூலிக், பைல் என்ற இருவரின் எலும்புப் படத் தொகுப்பு. அதுவும் முதலில் வெளிவந்தது 1950இல்தான், எரிக்சனின் நூல் வந்த அதே வருடம். அதிலுள்ள கைகள் 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லன்டில் நல்ல வசதியோடு வாழ்ந்த வெள்ளைப் பிள்ளைகளின் கைகள். ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாகலாம் என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். பிரான்சின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும், நீதித்துறையின் கட்டளையும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும், எக்ஸ்ரே மட்டும் போதாது, சந்தேகத்தின் பலன் பிள்ளைக்கே என்கிறது. 2019இல் அரசியலமைப்பு மன்றம் அந்த நிபந்தனைகளோடுதான் அதை ஏற்றுக்கொண்டது. பெடியனுக்குப் பத்தொன்பது என்று முடிவு வந்தது. பள்ளிக்கூட வாங்கிலிருந்து ஒரே நாளில் தெருவுக்கு வந்தான். ஒரு வழக்கறிஞர் அம்மா எட்டு மாதம் அலைந்து அவனைத் திரும்பப் பிள்ளையாக்கினார். இடையிலிருந்த அந்த எட்டு மாதம் அவன் எந்தப் பருவத்தில் இருந்தான்?

இனிச் சொல்லப்போவதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தோம். 1944இல் எரிக்சனுக்கு நாலாவது பிள்ளையாக நீல் பிறந்தான். டவுன் நோய்க்குறியோடு பிறந்த பிள்ளை. தாய் மயக்கத்தில் இருக்கும்போதே பிள்ளையை ஒரு விடுதியில் சேர்க்க ஏற்பாடாயிற்று. வீட்டில் மற்றப் பிள்ளைகளிடம் தம்பி பிறந்தவுடன் இறந்துவிட்டான் என்று சொல்லப்பட்டது. அந்தக் காலத்து அமெரிக்க வைத்தியர்களின் வழமையான ஆலோசனையும் விடுதிதான், ஆகவே எரிக்சனைத் தனியே குற்றவாளியாக்குவது நியாயமல்ல. லோறன்ஸ் ஃபிறீட்மன் 1999இல் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்த பின்னரே வெளியுலகுக்கு இது பரவலாகத் தெரிந்தது. மகள் சூ 2005இல் தாமே எழுதினார். நீல் பிறந்து ஆறாவது வருடம் வெளிவந்ததுதான் இந்த எட்டுப் பருவப் புத்தகம். கைக்குழந்தையின் முதற் பிரச்சினை நம்பிக்கை என்று தொடங்கும் பகுதியை நாம் இரண்டாம் தரம் வாசித்தபோது, அதை எழுதிய கை நடுங்கியிருக்குமா என்று நினைத்தோம். அந்த எட்டுக் கட்டங்களில் நீலை வைப்பதற்கு ஒன்றும் இல்லை. வெறுங்கட்டங்களில் இருந்திருக்கலாம்.

எரிக்சன் 1994இல் இறந்தார். மனைவி ஜோன், தொண்ணூறைத் தாண்டிய பின், 1997இல் வந்த மறுபதிப்பொன்றுக்கு ஒன்பதாவது பருவம் ஒன்றை எழுதிச் சேர்த்தார். எட்டாவது பருவத்தின் நிறைவு, ஞானம் எல்லாம் எண்பது வயதுக்குள் எழுதுவதற்கு நன்றாக இருக்கும், அதன் பிறகு காலும் கண்ணும் போகும்போது அவநம்பிக்கையும் வெட்கமும் திரும்ப முன்னுக்கு வருகின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். ஒவ்வொரு சோடியிலும் கெட்டதை முதலில் எழுதினார். எமது அம்மா எழுபத்திரண்டு வயதில், மீட்ட காணியின் நடுவே தனியே இருக்கிறார். இரவில் படலையைப் பூட்டினேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்ப்பாராம். ஜோனின் அந்தப் பக்கங்களை வாசித்த அன்று வேலைக்குப் போகுமுன் அம்மாவுக்கு எடுத்தோம். படலை பூட்டியாச்சு என்றார்.

சென்ற திங்கள் எமக்கும் அண்ணைக்கும் ஒன்றாக லீவு. விருந்து வீட்டுக் கதையை மறைத்து, புத்தகக் கதையை மட்டும் அவருக்குச் சொன்னோம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்மூரி வந்த இடத்தில் சிரித்தார். நீலின் கதை முடிந்து வெகுநேரம் பேச்சில்லை. நித்திரையாகி விட்டாரென்று நினைத்தோம்.

'அந்தப் பெடியன் எத்தினை வயசு மட்டும் இருந்தவன்?' என்று கேட்டார்.

'இருபத்தொண்டு, அண்ணை.'

அண்ணை எழும்பிக் கட்டிலில் இருந்தார்.